காபிச் சக்கை: கம்போஸ்ட்டுக்குச் சரி, தொட்டிக்கு வேண்டாம்

"அக்கா, காபிச் சக்கையை அப்படியே ரோஜாவுக்குப் போடலாமா? எல்லாரும் போடச் சொல்றாங்களே" என்று அலுவலகத் தோழி கேட்டாள். எங்கள் மாடித்தோட்டத்தில் சில வருடங்களாக இது நடந்துகொண்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் முதல் புகார், மண் மேல் படியும் ஓடு. வீட்டுக்காரர் காலையில் பழைய சக்கையை ஃபில்டரிலிருந்து தட்டி, கைக்கு எட்டிய தொட்டியில் கொட்டிவிடுவார். தூள் நைசானது. ஈரத்தோடு படிந்து, திருச்சி வெயிலில் காய்ந்தால் அடை மாதிரி இறுகிவிடுகிறது. அதில் எண்ணெய்ப் பசையும் இருப்பதால், காய்ந்த பிறகு தண்ணீரை உள்ளே விடுவதில்லை. ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நின்று, மெல்ல ஓரத்துக்கு நகர்ந்து, தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் இறங்கி அடித்துளை வழியாக ஓடிவிடும். அடியில் ஈரம் தெரிவதால் செடி குடித்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். ஓட்டைப் பெயர்த்து விரலை விட்டால் உள்ளே மண்ணோடு கலந்த தேங்காய் நார்த்தூள் பொடியாக உதிரும். எங்கள் பன்னீர் ரோஜா சித்திரையில் வாடியதற்குக் காரணம் இதுதான். வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினோம், அதுவும் ஓரமாகவே போனது.

மழைக்காலத்தில் வேறு கதை. அதே ஓட்டின் மேல் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூஞ்சை பிடிக்கும், சின்னச் சின்ன கருப்பு ஈக்கள் மொய்க்கும். அந்தப் பூஞ்சையால் செடிக்கு உடனே பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அந்த ஈயின் புழுக்கள் நாற்றுகளின் பிஞ்சு வேரைத் தின்னும். எங்கள் அனுபவத்தில் சிக்கரி கலந்த தூள் என்றால் பிசுபிசுப்பு இன்னும் அதிகம். நம் ஊர் கலவைத் தூளில் 49% வரை சிக்கரி இருக்கச் சட்டமே இடம் தருகிறது. இதைச் சொல்லக் காரணம், வெளிநாட்டார் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் சுத்தக் காபித் தூளை வைத்து எழுதியவை. நம் ஃபில்டரில் மிஞ்சுவது அதே பொருள் அல்ல.

"ரோஜாவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும், காபி மண்ணைப் புளிப்பாக்கும்" என்பார்கள். காபியின் புளிப்பு தண்ணீரில் கரையக்கூடியது. அதில் பெரும்பகுதி டிகாஷனோடு இறங்கி நம் டம்ளருக்கு வந்துவிடுகிறது. மிஞ்சும் சக்கை பெரும்பாலும் லேசான புளிப்போடு, நடுநிலைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நம் உப்புத் தண்ணீரின் காரத்தன்மையை அது மாற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சக்கை போட்டால் நத்தை வராது என்பதும் அப்படித்தான். 2002-ல் ஹவாயில் நடந்த ஆய்வில் ஓடில்லா நத்தைகளைக் கொன்றது 1-2% காஃபீன் கரைசல். வடித்து முடித்த சக்கையில் அவ்வளவு ஏது? ஐப்பசி மழையில் எங்கள் மாடி நத்தைகள் காய்ந்த சக்கை ஓட்டின் மேலேயே ஊர்ந்து போயின.

நேரடியாகப் போடுவது பற்றி மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. ப்ராக்கோலி, முள்ளங்கி, சூரியகாந்தி உட்பட ஐந்து செடிகளை வெவ்வேறு மண்களில் வளர்த்துப் பார்த்தார்கள். சக்கை கலந்த எல்லா மண்ணிலும் வளர்ச்சி குறைந்தது, கூடவே உரம் போட்டும் தேறவில்லை. மண் ஈரத்தைப் பிடித்து வைப்பது மட்டும் கூடியது. களையும் குறைந்ததாம். களையை அடக்குவது வெண்டை நாற்றை மட்டும் விட்டுவைக்குமா?

இவ்வளவு திட்டிவிட்டேன், நியாயத்தையும் சொல்ல வேண்டும். கம்போஸ்ட் தொட்டிக்குள் போனால் இதே சக்கை அருமையான சரக்கு. காய்ந்த எடையில் சுமார் 2% தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. நிறம் பழுப்பு என்றாலும், கணக்கில் இது காய்கறிக் கழிவோடு சேர வேண்டிய பச்சைச் சரக்கு, அதாவது தழைச்சத்து மிகுந்தது. ஆகவே அதை ஈடுகட்டக் காய்ந்த இலை தாராளமாக வேண்டும். நாங்கள் வேப்பஞ்சருகு சேர்க்கிறோம். மறுநாள் கையை உள்ளே விட்டால் நன்றாகச் சுடும். முன்பு வெறும் காய்கறித் தோலில் அடித்த நாற்றம் இப்போது இல்லை. ஆறிய பிறகு கிளறினால், சக்கை கட்டி கட்டியாக இருக்கும் இடத்தில்தான் மண்புழுக்கள் கூட்டமாகச் சுருண்டு கிடக்கும். பொலபொலவென்று கருப்பாக வரும் அந்த எருவைப் போட்ட பிறகு எங்கள் கருவேப்பிலை விட்ட கொழுந்து, கடையில் வாங்கிய எந்த மூட்டையிலும் வந்ததில்லை. அளவு மட்டும் முக்கியம். மொத்தக் குவியலில் 20%-க்கு மேல் சக்கை போக வேண்டாம் என்கிறார் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சால்கர்-ஸ்காட். எங்கள் வீட்டில் அதற்கும் குறைவுதான். பால் கலந்த மீதிக் காபியை இதில் ஊற்றவே கூடாது, புளித்துப்போய் எறும்பு வரும்.

அப்படியும், உரம் என்று கேட்டால் காபிச் சக்கைக்கு ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7%. ஊறவைத்து, நிறைய தண்ணீர் கலந்து ஊற்றினால் ரோஜா சீக்கிரமே பதில் சொல்கிறது, ஓடும் கட்டுவதில்லை. கம்போஸ்ட்டில் அவ்வளவு நன்றாக உழைக்கும் பொருளுக்கு இது குறைந்த மதிப்பெண்தான், தெரியும். ஆனால் நேற்றும் ஒரு தொட்டியில் ஓட்டைப் பெயர்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏற்கனவே ஓடு கட்டிய தொட்டி இருந்தால் கொத்தி மண்ணோடு கலந்துவிடாதீர்கள். தகடாகப் பெயர்த்தெடுத்து கம்போஸ்ட்டில் போடுங்கள். பிறகு தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அடிப்பாதி முங்க வைத்து, மேல்மண் ஈரமானதும் எடுத்துவிடுங்கள். ஊற்றும் தண்ணீர் அதன் பிறகுதான் வேருக்குப் போகும்.