ஹேக்லி ஹால்: வீட்டுக்கு ஐந்து ஸ்டார், கூட்டிப்போன டூருக்கு இரண்டு

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்திலிருக்கும் ஹேக்லி ஹால் என்ற பழைய பிரபு மாளிகைக்கு ஒரு டூர் கம்பெனியின் வேனில்தான் போனேன், பேர் வேண்டாம். வழிகாட்டி வழியெல்லாம் பேசினார். ஆனால் எல்லாம் சுவர்ப்பூச்சு வேலைப்பாடு, 1760-ல் கட்டி முடித்தது, 1925 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தீப்பிடித்து நூலகம் எரிந்தது, இவ்வளவுதான். வாழ்ந்த லிட்டில்டன் குடும்பம் பற்றி "பெரிய பிரபு வம்சம்" என்பதோடு சரி. நான் போனதே அவர்களுக்காக.

நாலாவது லிட்டில்டன் பிரபுவுக்கு இரண்டு மனைவியர் வழியாக 15 பிள்ளைகள், மூத்த மனைவியிடம் மட்டும் எட்டு ஆண்கள். 1867-ல் அப்பா, எட்டு மகன்கள், இரண்டு சித்தப்பாக்கள் என்று வீட்டிலேயே பதினொரு பேர் தேற்றி, பக்கத்து ஊர் ப்ராம்ஸ்குரோவ் பள்ளி அணியோடு கிரிக்கெட் ஆடி ஜெயித்தார்கள்! அந்த எட்டில் மூன்று பேர் பாதிரியார் ஆனார்கள், ஒருவர் ராணுவ ஜெனரல், ஒருவர் பெரியப்பா முறையான பிரதமர் கிளாட்ஸ்டனுக்குச் செயலாளர்.

கடைக்குட்டி ஆல்ஃபிரெட்தான் எனக்குப் பிடித்தவர், பிடிக்காதவரும் அவர்தான். இங்கிலாந்துக்குக் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடிய முதல் ஆள். 1884 ஓவல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 551 அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தபோது விக்கெட் கீப்பரான இவர் கிளவுஸை அணித்தோழர் டபிள்யூ.ஜி. கிரேஸிடம் கொடுத்துவிட்டு அண்டர்ஆர்மில் பந்து வீசி 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அந்த இன்னிங்ஸில் பதினொரு பேருமே பந்து வீசினார்கள். அதே மனிதர் 1903-ல் காலனி விவகார அமைச்சரானதும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குச் சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோக ஒப்புதல் தந்தார். நம்மவர்களை நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிப்போன அதே மாதிரி முறை. 1906 தேர்தலில் அவர் கட்சிக்கு இது பெரிய அடி. வேனில் இதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அண்ணன் எட்வர்ட் வேறு ரகம். 1878-ல் வந்த ஆஸ்திரேலியர்களுக்கு எதிராகச் சதம் அடித்தவர், பாதிரியார், ஈட்டன் பள்ளித் தலைமையாசிரியர். 1915-ல், போர் நடுவே, ஜெர்மனியிடமும் நியாயமாக நடக்க வேண்டும் என்று பிரசங்கம் செய்து ஊர்முழுக்கத் திட்டு வாங்கினார், அடுத்த ஆண்டு பதவியும் போனது. பேட்டிங்கைவிட அதற்குத்தான் துணிச்சல் வேண்டும் என்பேன்.

சர்ச்சும் கிரிக்கெட் மைதானமும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, அப்புறம் பார்க்கில் 1758-ல் எழுப்பிய ஒரு கிரேக்கக் கோயில் இருக்கிறது, அதையும் விடாதீர்கள். நீண்ட கேலரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய கதையை அங்கே நின்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், தினமும் உள்ளே போக முடியாது. முன்னாடியே விசாரியுங்கள், ரயிலில் ஹேக்லி நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள், வேன் காசு மிச்சம்.