டிபீவரா, ஒர்க்பெஞ்சா: லைவ் டேட்டாபேஸில் கை வைக்க எது நல்லது?

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் குவெரி ஓட்ட, டேபிள்களைப் பார்க்க, யூசர்களை நிர்வகிக்க இலவசமாகக் கிடைப்பவற்றில் பலரும் கைக்கொள்வது இரண்டு: ஆரக்கிள் வெளியிடும் மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச், ஓப்பன் சோர்ஸான டிபீவர் கம்யூனிட்டி பதிப்பு. லைவ் டேட்டாபேஸில் திருத்தம் போடும் வேலை இருந்தால் என் ஓட்டு டிபீவருக்குத்தான். காரணம் அழகோ வேகமோ அல்ல. கமிட்டை, அதாவது போட்ட மாற்றத்தை நிலைநிறுத்துவதை, அது கையாளும் விதம்.

தெரிந்த வித்தியாசங்களை முதலில் முடித்துவிடலாம். ஒர்க்பெஞ்ச் மைஎஸ்க்யூஎல்லுக்கு மட்டுமானது. டிபீவர் ஜேடிபிசி டிரைவர் (ஜாவா நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் பாலம்) வழியாகப் பேசுவதால் போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல்லைட், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் ஒரே ஜன்னலில் திறக்கும். ஜாவாவில் ஓடுவதால் மெமரி கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். விண்டோஸில் சின்னச் சின்ன வேலைதான் என்றால் ஹெய்டிஎஸ்க்யூஎல் இரண்டையும்விட லேசானது.

டிபீவரில் முதல் கனெக்ஷனிலேயே இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, டிரைவரை அது இணையத்திலிருந்து இறக்கும். ஆபீஸ் நெட்வொர்க்கில் வெளியே போக வழி இல்லையென்றால், டிரைவரின் ஜார் ஃபைலைத் தனியாகக் கொண்டுவந்து டிரைவர் மேனேஜரில் சேர்க்க வேண்டும். இரண்டு, மைஎஸ்க்யூஎல் 8-இல் ‘பப்ளிக் கீ ரிட்ரீவல் அனுமதி இல்லை’ என்ற பிழை. 8.0 முதல் பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. எஸ்எஸ்எல் (மறையாக்கம்) இல்லாத இணைப்பில் சர்வரின் பப்ளிக் கீயை வாங்க டிரைவருக்கு அனுமதி வேண்டும். டிரைவர் பிராப்பர்ட்டீஸில் ‘அலவ் பப்ளிக் கீ ரிட்ரீவல்’ என்பதை ட்ரூ ஆக்கினால் தீரும். எஸ்எஸ்எல்லைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது.

இனி கமிட் விஷயம். ஒர்க்பெஞ்சில் ‘சேஃப் அப்டேட்ஸ்’ இயல்பாகவே இயங்கும். வேர் (எந்த வரிசைகள் என்று சொல்லும் WHERE நிபந்தனை) இல்லாமலோ, கீ இல்லாத காலத்தை (டேபிளின் நெடுவரிசை, column) மட்டும் வைத்தோ அப்டேட் ஓட்டினால் எர்ரர் 1175 வந்து நிறுத்திவிடும். நல்ல காவல்தான். ஆனால் வேர் இல்லாத குவெரியைப் பிடிக்கும் அளவுக்கு, தப்பான வேரை அது பிடிக்காது. ஆர்டர்ஸ் டேபிளில் 512-ஆம் கஸ்டமரின் ஒரே ஒரு ஆர்டரைக் கேன்சல் செய்ய வேண்டும். வேரில் ஆர்டர் ஐடி போடாமல் கஸ்டமர் ஐடியை மட்டும் போட்டாயிற்று. கஸ்டமர் ஐடியில் இண்டெக்ஸ், அதாவது கீ, இருக்கிறது; 1175 வாயே திறக்காது. அந்தக் கஸ்டமரின் அத்தனை ஆர்டரும் கேன்சல் ஆகி, ஆட்டோ கமிட்டில் (ஒவ்வொரு குவெரியும் ஓடியதும் தானாகக் கமிட் ஆகும் முறை) அதே நொடி நிலைத்தும்விடும்.

ஒர்க்பெஞ்சிலும் ஆட்டோ கமிட்டை நிறுத்தலாம், டூல்பாரிலேயே பட்டன் உண்டு. குறை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் அதை நினைவு வைத்து அழுத்த வேண்டும். இல்லையென்றால் பிரிஃபரன்ஸில் மாற்ற வேண்டும். அது லோக்கல், லைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாறிவிடும். டிபீவரில் இந்த முடிவு கனெக்ஷனோடு ஒட்டியது. கனெக்ஷன் அமைப்பில் வகையை ‘புரொடக்ஷன்’ என்று வைத்தால் எடிட்டரின் நிறமே மாறும், கமிட் தானாக நடக்காது, குவெரி ஓட்டுமுன் உறுதியும் கேட்கும். அப்டேட் ஓடியதும் எத்தனை வரிசை மாறியது என்று கீழே வரும். ஒன்று வர வேண்டிய இடத்தில் 340 என்று வந்தால் ரோல்பேக் அழுத்தினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். அப்டேட் போட்டுவிட்டுக் கமிட் செய்யாமல் டீ குடிக்கப் போனால், அந்த வரிசைகள் லாக்கிலேயே இருக்கும். அதே வரிசையைத் தொடும் அப்ளிகேஷன் 50 நொடி காத்திருந்து எர்ரர் 1205-ஓடு விழும்; மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் இயல்பான காத்திருப்பு அவ்வளவுதான். வேரில் உள்ள காலத்துக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் ஏறக்குறைய டேபிள் முழுவதுமே மாட்டிக்கொள்ளும். செலக்ட் மட்டும் ஓட்டி டிரான்சாக்ஷனை (கமிட் வரை ஒன்றாகக் கருதப்படும் வேலை) முடிக்காமல் திறந்து வைத்தாலும், டேபிளின் அமைப்பை மாற்றவிடாத மெட்டாடேட்டா லாக் விடாது. அந்த நேரம் வேறொருவர் ஆல்டர் டேபிள் போட்டால், அது காத்திருக்கும். அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட்களும் வரிசையில் நிற்கும். மெட்டாடேட்டா லாக்குக்கான இயல்பான காத்திருப்பு வரம்பு 3,15,36,000 நொடி, அதாவது ஒரு வருடம். தானாக விலகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

‘நான் பார்க்கும் டேட்டா பழசாகவே இருக்கிறது, டிபீவர் ரிஃப்ரெஷ் ஆகவில்லை’ என்ற புகாருக்கும் காரணம் பெரும்பாலும் இப்படித் திறந்தே கிடக்கும் டிரான்சாக்ஷன்தான். மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான ரிப்பீட்டபிள் ரீட் முறையில், டிரான்சாக்ஷனின் முதல் செலக்ட் எடுத்த காட்சிதான் கமிட் வரைக்கும் தெரியும். மருந்து, ‘ஸ்மார்ட் கமிட்’. செலக்ட்கள் ஆட்டோ கமிட்டில் ஓடும். முதல் மாற்றம் வந்ததும் மேனுவலுக்குத் தாவும். புரொடக்ஷன் வகையின் அமைப்பிலேயே இதை டிக் செய்துவைக்கலாம்.

மேனுவல் கமிட் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்றும் நம்பிவிடக் கூடாது. மைஎஸ்க்யூஎல்லில் ஆல்டர், ட்ரன்கேட், டிராப், கிரியேட் டேபிள் ஆகியவை தாமாகவே கமிட் செய்துவிடும். அப்டேட் போட்டு, ‘எதற்கும் ஒரு பேக்கப் டேபிள் எடுப்போம்’ என்று கிரியேட் டேபிள் ஓட்டினால் அதற்கு முந்தைய அப்டேட்டும் சேர்ந்தே நிலைத்துவிடும். பேக்கப் முதலில், அப்டேட் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. பழைய சேமிப்பு எஞ்சினான மைஐசாம் டேபிளில் ரோல்பேக் என்ற பேச்சே இல்லை.

டிபீவரில் மாற்றியே ஆக வேண்டிய இன்னொன்று, வெற்று வரியைக் குவெரியின் முடிவாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு. அது ‘எப்போதும்’ என்று இருந்தால், அப்டேட்டுக்கும் வேருக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருந்தாலே கன்ட்ரோல் என்டர் மேல்பாதியை மட்டும் ஓட்டும். வேர் இல்லை என்று எச்சரிக்கை வரும். அவசரத்தில் ‘யெஸ்’ அழுத்தும் கை அதைப் பார்க்காது. எஸ்க்யூஎல் பிராசஸிங் பகுதியில் ‘நெவர்’ என்று வைத்துவிடுங்கள். ஒர்க்பெஞ்சின் சேஃப் அப்டேட்ஸையும் இங்கே கொண்டுவரலாம்: கனெக்ஷனின் இனிஷியலைசேஷன் பக்கத்தில், பூட்ஸ்ட்ராப் குவெரியாக (இணைந்ததும் தானாக ஓடும் குவெரி) ‘எஸ்க்யூஎல் சேஃப் அப்டேட்ஸ்’ என்ற செஷன் வேரியபிளை 1 ஆக்கும் செட் வரியைச் சேர்த்தால் 1175 டிபீவரிலும் காவல் நிற்கும்.

ஒர்க்பெஞ்சை அழித்துவிடச் சொல்லவில்லை. புதிய ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பு) வரைந்து, அதிலிருந்து டேபிள்களை உருவாக்கி, பிறகு மாடலையும் சர்வரையும் ஒத்திசைக்கும் வேலைக்கு டிபீவர் கம்யூனிட்டியில் ஈடு இல்லை. குவெரி ஓடும் வழியைப் படமாகக் காட்டும் விஷுவல் எக்ஸ்பிளெய்னும் அருமை. ஆனால் முழு ஆதரவு 8.0 சர்வருக்குத்தான், 8.4-இல் இணைந்தாலும் சில வசதிகள் இயங்காமல் போகலாம். பழைய 5.7 சர்வரிலிருந்து எக்ஸ்போர்ட் எடுக்கும்போது ‘காலம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற டேபிள் இல்லை என்று நின்றால், டம்ப் கருவி சர்வரைவிடப் புதிது என்று பொருள். டம்ப் கருவியின் ‘காலம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ ஆப்ஷனை 0 ஆக்கினால் ஓடும்.

ஒர்க்பெஞ்சில் நீண்ட குவெரி 30 நொடியில் எர்ரர் 2013 காட்டி அறுந்தால், பிரிஃபரன்ஸில் ரீட் டைம்அவுட்டைக் கூட்ட வேண்டும். உடனே மறுபடி ஓட்டிவிடாதீர்கள். அறுந்தது இணைப்புதான், குவெரி சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். புதிய குவெரி டேபைத் (tab) திறந்து, சர்வரில் ஓடுபவற்றைக் காட்டும் ஷோ பிராசஸ்லிஸ்ட் போட்டு, பழையதன் ஐடியைப் பார்த்துக் கில் செய்த பிறகு ஓட்டுங்கள்.