ஃப்ரெட்டைப் பிடுங்குவதா, கம்பியைக் குறைப்பதா, கூட்டுவதா?

பெரம்பூரில் என்னிடம் பேஸ் கிதார் கற்றுக்கொள்ள வரும் தம்பி ஒருவன் போன வாரம் தன் பழைய நாலு கம்பி பேஸை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அண்ணா, இதுல ஃப்ரெட்டையெல்லாம் எடுத்துடலாமா? இல்ல, இதை வித்துட்டு ஆறு ஸ்ட்ரிங் வாங்கட்டுமா?"

ஃப்ரெட் என்பது வீணையின் மெட்டு போலக் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. ஒரே மூச்சில் கேட்டாலும் இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பேஸை மாற்றிக் கட்டியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறையைத் தீர்க்கப் போனவர்கள். நம் குறை எது என்று தெரியாமல் அவர்கள் கருவியை நகலெடுப்பதில் பயனில்லை. கர்நாடக இசையும் லைட் மியூசிக்கும் கேட்டு வளர்ந்த காதோடு சென்னையில் வாசிப்பவனுக்கு எது பொருந்தும் என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.

ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ்தான் முதலில் நினைவுக்கு வருவார். ஆனால் அவருக்கு முன்பே, 1961 வாக்கில், ரோலிங் ஸ்டோன்ஸில் பின்னாளில் வாசித்த பில் வைமன் ஒரு மலிவான பேஸின் ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிட்டு அப்படியே வாசித்தார். ஜாக்கோவின் கருவி 1962ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஃப்ரெட்டை எடுத்தது யார் என்பதற்கு அவரே வெவ்வேறு கதைகள் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு செய்த வேலைதான் முக்கியம். முறுக்குக் கம்பி வெறும் ரோஸ்வுட்டில் உரசினால் அரம் போல அறுத்துவிடும். அதனால் படகுக்குப் பூசும் எபாக்ஸி பிசினை விரல்பலகை மேல் பூசினார். காசிமேட்டில் ஃபைபர் படகு செப்பனிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கடினமான பரப்பில் கம்பி படும்போதுதான் ஃப்ரெட்லெஸ்ஸின் பாடும் குரல் கூர்மையாக வந்தது. அவர் பெயரிலேயே 1976இல் வந்த முதல் ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். 1986இல் நியூயார்க்கில் அந்த பேஸ் களவு போனது, மறு ஆண்டே அவர் இறந்தார், அப்போது வயது 35. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்துக் கருவி மட்டும் திரும்பி வந்தது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும் சுரம் இல்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடும் சுரம். வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் இருந்தும் அது வருகிறது, ஏனென்றால் வைணிகர் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். பேஸின் தடித்த கம்பியை அவ்வளவு இழுக்க முடியாது, முக்கி முனகி அரைச்சுரம் கிடைத்தால் பெரிது. ஆகவே ஃப்ரெட் உள்ள பேஸில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, படிக்கட்டில் உருட்டிய பந்து மாதிரி தடதடவென்றுதான் கேட்கும். ஃப்ரெட்டை எடுத்தால் படி சரிவாகிவிடும்.

ஆனால் சரிவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பேஸ் கம்பியின் அதிரும் நீளம் வழக்கமாக 34 அங்குலம். திறந்த கம்பியை ஸட்ஜமாக வைத்தால் தோடியின் ரிஷபத்திலிருந்து மத்தியமம் வரை விரல் ஓட வேண்டிய தூரம் சுமார் ஆறரை அங்குலம். அதையே மேல் ஸ்தாயியில் வாசித்தால் மூன்றேகால் அங்குலம். முன்னதை வேகமாக ஊசலாட்டுவது கைக்குப் பெரும்பாடு. பின்னது பழகினால் வரும். ஆனால் மேலே போகப் போகத் தவறும் பெரிதாகும். கால் அங்குலம் பிசகினால் கழுத்தின் தலைமாட்டில் அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்குதான் விலகும், பன்னிரண்டாம் ஃப்ரெட் இருந்த இடத்தில் நாலில் ஒரு பங்கு விலகும். பக்கத்தில் தம்புரா ஓடினால் அது பல்லில் மணல் கடிபட்ட மாதிரி உறுத்தும். ஃப்ரெட்லெஸ்ஸை நான் நேசிப்பதும் இதனால்தான். சுருதியை ஒவ்வொரு சுரத்திலும் நாமே சம்பாதிக்க வேண்டும்.

செய்முறையில் ஓர் எச்சரிக்கை. என் முதல் பேஸைப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். ஃப்ரெட்டைச் சூடாக்காமல் குறடு போட்டு இழுத்தார், ரோஸ்வுட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. இன்றும் அந்தக் கழுத்தை எடுத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. சால்டரிங் அயர்னை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வைத்துச் சூடேற்றி மெதுவாக எழுப்ப வேண்டும். பள்ளங்களில் மெல்லிய மரச்சீவலை ஒட்டி இழைக்க வேண்டும், கோடு தெரிந்தால் நல்லதுதான். தலைமாட்டில் கம்பிகள் உட்காரும் சிறு கட்டையான நட்டின் பள்ளங்களையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சுரங்களில் விரல் நோகும். எபாக்ஸி பூச மனமில்லாதவர் மேற்பரப்பு வழவழப்பான தட்டைச் சுற்றுக் கம்பி போட்டால் மரம் பிழைக்கும்.

மார்க் சாண்ட்மேன் எதிர்த் திசையில் போனார். பாஸ்டன் பக்கம் 1989இல் தொடங்கிய மார்ஃபின் குழுவில் கிதாரே கிடையாது. ட்ரம்ஸ், பாரிடோன் சாக்ஸபோன், இவருடைய இரண்டு கம்பி பேஸ், பாட்டு, அவ்வளவுதான். இரண்டு கம்பிகளையும் பெரும்பாலும் ஒரே சுருதியில் வைத்து, விரலில் ஸ்லைடு என்ற சிறு குழலை மாட்டி வழுக்கி வாசித்தார். 1999இல் இத்தாலியில் மேடையிலேயே மயங்கி விழுந்து இறந்தார். கம்பிகள் குறைந்ததால் சாக்ஸுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்பதை அந்தப் பதிவுகளில் கேட்டால்தான் புரியும்.

மயிலாப்பூர் சபாக்களில் சித்திரவீணை கேட்டவர்களுக்கு இது அயலான சங்கதியே இல்லை. மெட்டில்லாத வீணையில் உருளைக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தின் தூரத்துச் சொந்தம் இது. சென்னையில் பேஸ் வாசிப்பவர்கள் சாண்ட்மேனைவிட ஜாக்கோவையே பேசிக்கொண்டிருப்பது எனக்கு ஆதங்கம். இதற்குக் குறடு, எபாக்ஸி எதுவும் வேண்டாம். இரண்டு கம்பியைக் கழற்றி, மீதிக் கம்பிகளை, உடல் பக்கம் அவற்றைத் தாங்கும் பாலத்தில் ஆலன் கீ கொண்டு உயர்த்தினால் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடிக்காது. பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கிவிடலாம். பலவீனமும் உண்டு: வேகமான சினிமாப் பாட்டின் பேஸ் வரிகள் இதில் நடக்காது. நாலு மணி நேர லைட் மியூசிக் மேடைக்கு இதை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

குறைப்பது என்றதும் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி உள்ள மாண்டலினை விட்டு, ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். கமகத்துக்கு நாதம் நீடிக்க வேண்டும், இரட்டைக் கம்பியை ஒன்றாக இழுப்பதும் கடினம். இசை கேட்டதைக் கருவிக்குச் செய்தார்.

ஆறு கம்பிக்கு வருவோம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சனின் வாதம் எளிது: பேஸ் கிதார் என்பது கிதார் குடும்பத்தில் மிகத் தாழ்ந்த குரல், கிதாருக்கு ஆறு கம்பி என்றால் இதற்கும் ஆறு. அவர் கேட்டபடி கருவி செய்பவரான கார்ல் தாம்ப்சன் 1975இல் முதல் கருவியைச் செய்துகொடுத்தார். வழக்கமான நாலுக்குக் கீழே 'பி' சுரக் கம்பி ஒன்று, மேலே 'சி' சுரக் கம்பி ஒன்று. அதைக் கான்ட்ராபேஸ் கிதார் என்றே அவர் அழைத்தார், உட்கார்ந்துதான் வாசித்தார். ஸ்டுடியோவில் இது வரப்பிரசாதம். கல்யாண மண்டபத்தில் கதை வேறு. நாலு கம்பியின் கடைசி 'இ' 41 ஹெர்ட்ஸ், கூடுதல் 'பி' 31 ஹெர்ட்ஸ். மண்டபங்களுக்கு வாடகைக்கு வரும் ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே தளர்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய கம்பி மேடை அதிர்வாகத்தான் எஞ்சும். ரெக்கார்டிங் வாய்ப்பு வரும்வரை தம்பிக்கு இது அவசரமில்லை.

பேஸ் கலைஞர் மைக்கேல் மேன்ரிங்கின் ஹைப்பர்பேஸ் வியக்கவைக்கும் பொருள். கருவி செய்பவரான ஜோ ஸானோடு சேர்ந்து உருவாக்கியது. தலையிலும் பாலத்திலும் நெம்புகோல்கள், பாட்டின் நடுவிலேயே கம்பிகளின் சுருதியை மாற்றிக்கொண்டே போவார். நம் இசைக்கோ ஸட்ஜமும் பஞ்சமமும் அசையக் கூடாது. எனவே ரசிக்கலாம், தேடி அலைய வேண்டாம்.

இன்னொரு பேஸ் கலைஞர் டோனி லெவின் கருவியை அப்படியே விட்டுவிட்டு விரலை மாற்றினார். பாடகர் பீட்டர் கேப்ரியலின் 1986 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு, லெவின் இடது கையால் சுரம் பிடிக்க, ட்ரம்மர் கம்பியின் மேல் குச்சியால் அடித்தார். அதைத் தனியாளாக வாசிக்க, குட்டையாக்கிய ட்ரம் குச்சிகளை விரல்களில் மாட்டிக்கொண்டார். கடத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். இன்னும் மலிவு, பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் வழி: தலைமுடி கட்டும் பேண்ட் ஒன்றை நட்டுப் பக்கம் கம்பிகளைச் சுற்றிப் போட்டால் தேவையில்லாத கம்பி ரீங்காரம் அடங்கும். ரங்கநாதன் தெருவில் கைநிறையக் கிடைக்கும்.

தம்பிக்கு நான் கொடுத்த வரிசை இதுதான். முதலில் இரண்டு கம்பி, ஒரு ஸ்லைடு, பக்கத்தில் தம்புரா ஆப், மூன்று மாதம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை மட்டும். ஃப்ரெட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஸ்லைடு நிற்கிறதா என்று கண் பார்க்கும், சேர்கிறதா என்று காது சொல்லும். காது முந்திக்கொள்ளத் தொடங்கும் நாளில் ஃப்ரெட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"அப்போ ஆறு ஸ்ட்ரிங், அண்ணா?" என்றான். அவன் பேஸிலிருந்து இரண்டு கம்பியை அப்போதே கழற்றிச் சுருட்டி உறையில் போட்டுக் கையில் கொடுத்தேன்.