ஹெர்ஷி பேர்ஸ் சீசன் டிக்கெட்: வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

ஹாரிஸ்பர்க் பக்கம் புதிதாக வீடு மாறி வந்திருக்கும் நண்பன், "சீசன் டிக்கெட் போடலாமா? நீதான் பல வருஷமா போறியே" என்று கேட்டான். பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊர் ஐஸ் ஹாக்கி அணியான பேர்ஸ் (கரடிகள்) ஆட்டங்களைத்தான் சொல்கிறான். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். அணி ஆடும் அமெரிக்கன் ஹாக்கி லீக், ஐஸ் ஹாக்கியின் உச்ச லீக்கான என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழே, அரங்கமான ஜயன்ட் சென்டரில் பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், சீசனில் சொந்த அரங்கில் 36 ஆட்டம். இதெல்லாம் அவனுக்கே தெரியும். நேராக என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இங்கே உனக்குப் பிடித்த வீரன் உன்னிடம் தங்க மாட்டான்.

ஒரு இளம் வீரனின் பெயர் தைத்த ஜெர்சி வைத்திருக்கிறேன். பெயருக்கும் எண்ணுக்கும் தனிக் காசு. அதைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால் வார்ம்-அப்பில் ஆளைக் காணோம். மேல் அணியில் யாருக்கோ அடி, மத்தியானமே கூப்பிட்டுக்கொண்டார்களாம். அவனுக்குக் கனவு பலித்த நாள். எனக்கு மூன்று பீரியடும் யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

2005 முதல் பேர்ஸ், என்.எச்.எல். அணியான வாஷிங்டன் கேப்பிடல்ஸின் துணை அணி. நாற்றங்கால் நம்முடையது, வயல் அவர்களுடையது. தோலை உரித்தால் லீக் விதியே அப்படித்தான்: கோல்கீப்பர்கள் போகக் களமிறங்கும் 18 பேரில் 13 பேராவது அனுபவம் குறைந்த, வளர்ந்துவரும் வீரர்களாக இருக்க வேண்டும். நன்றாக ஆடினால் மேலே போய்விடுவான், ஆடாவிட்டால் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாஷிங்டன் காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான், கூப்பிட்ட அன்று ராத்திரியே ஆடிவிடலாம். பயிற்சியாளரையும் விடுவதில்லை. 2006இல் இந்த லீக்கின் சாம்பியனுக்கான கால்டர் கோப்பையை வாங்கிக் கொடுத்த புரூஸ் பூட்ரோவை 2007 நவம்பரில் சீசன் நடுவிலேயே வாஷிங்டனுக்குத் தூக்கிக்கொண்டார்கள். பிரேடன் ஹோல்ட்பி, ஜான் கார்ல்சன் எல்லாம் இங்கே ஆடிப் போனவர்கள்தான். 2018இல் வாஷிங்டன் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை ஜெயித்தபோது இந்த ஊர்க்காரர்கள் பாதிக் கோப்பை தங்களுடையது என்பது போலத்தான் பேசினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும்.

சாக்லேட் கம்பெனி உருவாக்கிய ஊர் இது. தெருவிளக்கே கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவத்தில் நிற்கும். 1932இல் தொடங்கிய அமெச்சூர் அணிக்கும் சாக்லேட் பெயரையே வைத்திருந்தார்கள். விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று சிலர் முகம் சுளித்ததால் 1936இல் பேர்ஸ் ஆனது. அதே வருடம்தான் பழைய அரங்கமும் திறந்தது. பெரும் பொருளாதார மந்தத்தில் ஊர்க்காரர்களுக்கு வேலை கொடுக்க மில்டன் ஹெர்ஷி வரிசையாகக் கட்டியவற்றில் அதுவும் ஒன்று. நடுவில் ஒரு தூண் கிடையாது, வளைந்த கான்கிரீட் ஓடுதான் கூரை. கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தது 1962இல் அங்கேதான். 1979 மார்ச்சில் பக்கத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் விபத்து நடந்தபோது, சுற்றுவட்டாரத்துக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைக்காரர்களையும் அந்த அரங்கத்தில்தான் தங்கவைத்தார்கள். என் பக்கத்து இருக்கைப் பாட்டிக்கு அதெல்லாம் நேற்று நடந்தது போல. "அங்கே குளிரும், இங்கே ஏசி" என்பதுதான் புது அரங்கம் பற்றி அவர் தரும் ஒரே விமர்சனம். 2002இல் மாறிவந்த இடத்தை இன்னும் புதுசு என்கிறார்.

1938 முதல் இதே லீக், இதே ஊர். மற்ற அணிகள் ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்க, இவர்கள் நகரவே இல்லை. மொத்தம் 13 கால்டர் கோப்பை, இந்த லீக்கில் வேறு யாரிடமும் அத்தனை இல்லை. 1988இல் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, 12க்கு 12. அப்புறம் 2023, 2024 இரண்டிலும் இறுதிப் போட்டியில் எதிரில் அதே கோச்செல்லா வேலி அணி, ஜெயித்தது நாம்தான், இரண்டு தடவையும் ஓவர்டைமில் முடிந்தது. 2023இல் ஏழாவது ஆட்டத்தில் நம் மைக் வெக்கியோன் அடித்த கோல் இருக்கிறதே, அதைப் பார்த்தவனிடம் டிக்கெட் விலையைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் நான் இன்னும் போய்க்கொண்டிருப்பது கோப்பைக்காக இல்லை. ஜனவரி தொடக்கத்தில் வரும் கரடி பொம்மை நாளுக்காக. பேர்ஸ் முதல் கோல் போட்டதும் மொத்த அரங்கமும் பொம்மைகளை ஐஸில் வீசும். மேல் அடுக்கிலிருந்து எறிவது ஐஸ் வரை போகாது. கீழே இருப்பவர்கள் தலையில் விழும், அவர்கள் எடுத்து முன்னால் எறிவார்கள், அதுவும் அடுத்த வரிசைக்காரன் தலையில் விழும். திட்டுபவர் யாருமில்லை. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள், பல் போன ஆட்டக்காரர்கள், பொம்மைக் குவியலில் குதித்து உருளுவார்கள். 2019இல் 45,650 பொம்மை, 2025 ஜனவரியில் 1,02,343. பொறுக்கி முடிக்கவே 40 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஆட்டம் நிற்கும். எல்லாம் வட்டாரத் தொண்டு அமைப்புகள் வழியாகக் குழந்தைகளுக்குப் போய்விடும். கோல் போட்டவன் அடுத்த வாரமே வாஷிங்டனில் இருக்கலாம். அன்றைக்கு மட்டும் எனக்கு அது உறைப்பதில்லை.

இன்னொன்று. அணியை நடத்தும் நிறுவனம் ஹெர்ஷி அறக்கட்டளையின் கையில் இருக்கிறது, அதன் பயன் மில்டன் ஹெர்ஷி பள்ளிக்கு. ஏழைப் பிள்ளைகள் இலவசமாகத் தங்கிப் படிக்கும் பள்ளி. டிக்கெட் காசை நினைத்து மனம் வலிக்கும்போது இதைச் சொல்லித்தான் வீட்டில் சமாளிக்கிறேன். எப்போதும் எடுபடுவதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு முடிவைக் கேட்டால், சீசன் டிக்கெட் போடாதே. புதன்கிழமை ராத்திரி பனிக்கொட்டலில், பெயர் தெரியாத பத்துப் பேர் ஆடுவதைப் பார்க்க உனக்குப் பொறுமை கிடையாது. சனிக்கிழமை ஆட்டங்களுக்குத் தனி டிக்கெட் எடு. கரடி பொம்மை நாளுக்கு மட்டும் முன்கூட்டியே போட்டுவை, கடைசி வாரத்தில் கிடைக்காது. பொம்மையை மேல் அடுக்கிலிருந்து எறியப் போகிறாய் என்றால் சின்னதாக வாங்கு. ஜெர்சி வாங்கினால் முதுகில் பெயர் வேண்டாம்.

நான் என்னுடையதைப் போன வாரமே புதுப்பித்துவிட்டேன். ஏன் என்று மட்டும் கேட்காதே.