அண்டர்குயில்ட்: தூக்கம் அருமை, கயிறுதான் தலைவலி

இந்த வாரம் என் அண்டர்குயில்ட்டின், அதாவது ஹேமக் என்ற தூளிப் படுக்கைக்கு அடியில் தொங்கவிடும் தடித்த போர்வையின், எலாஸ்டிக் கயிறுகளை எல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கோத்தேன். அந்த வேலையில் இருக்கும்போதுதான் அட்லாண்டாவில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நவம்பர் கடைசியில பிளட் மவுண்டன் பக்கம் ஹேமக்ல படுக்கலாம்னு இருக்கேன். அண்டர்குயில்ட் வாங்கியே ஆகணுமா? தரையில விரிக்கிற பேட் இருக்கே, அதைப் போட்டுச் சமாளிக்க முடியாதா?" அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஹேமக் கட்டத் தெரிந்தவர்களுக்கு எழுதுவதால் அடிப்படைகளுக்குள் போகவில்லை.

முதலில் இடத்தைப் பற்றி. ஜார்ஜியா என்றதும் புழுக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவின் கிழக்கு மலைகள் வழியே போகும் நெடுநடைப் பாதையான அப்பலாச்சியன் டிரெயில் ஜார்ஜியாவுக்குள் தொடும் மிக உயரமான இடம் பிளட் மவுண்டன்தான், 4,458 அடி. அட்லாண்டாவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே. ஊரில் 5 டிகிரி என்றால் மேலே பூஜ்ஜியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும், காற்று தனி. அந்த உச்சியில் தீ மூட்டவும் அனுமதி கிடையாது. தோளில் என்ன சுமந்து போகிறோமோ அதுதான் ராத்திரிச் சூடு.

ஹேமக்கில் குளிர் கீழிருந்துதான் வரும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் முதுகுக்குக் கீழே இருக்கும் பகுதி உடல் எடையில் நசுங்கிவிடும். நசுங்கிய தூவிக்குள் (உள்ளே அடைத்திருக்கும் பறவையின் மென்சிறகு) காற்று நிற்காது. காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. கீழே தரையும் இல்லை, வெறும் காற்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். 20 டிகிரிக்குக் கீழே போனாலே இடுப்பில் சில்லென்று தெரிய ஆரம்பிக்கும். அண்டர்குயில்ட் ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்குவதால் நசுங்குவதில்லை. தத்துவம் இவ்வளவுதான்.

அது சரியாகப் பொருந்திவிட்டால் கிடைக்கிற சுகத்தை நான் வேறு எந்த முகாம் சாமானிலும் பார்த்ததில்லை. ஏறிக் குறுக்காகப் படுத்து, மேலே போர்வையை இழுத்துவிட்ட ஓரிரு நிமிடத்தில் இடுப்பிலிருந்து சூடு கிளம்பித் தோள்பட்டைக்கு வரும். நம் உடம்பின் சூடுதான், கீழே தப்பித்துப் போகாமல் நம்மிடமே திரும்பி வருகிறது. வெளியே மைனஸ் 4 டிகிரி, தார்ப்பாயின் ஓரத்தில் உறைபனி, நான் ஒரு சாதாரண தெர்மல் பனியனோடு விடியும்வரை அசையாமல் தூங்கியிருக்கிறேன். தரையில் படுத்தால் மறுநாள் காலையில் பிடித்துக்கொள்ளும் கீழ்முதுகு, ஹேமக்கில் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. இதை மனதாரச் சொல்கிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதெல்லாம் கோபம்தான்.

இவ்வளவு சூட்டையும் தீர்மானிப்பது குயில்ட் அல்ல, அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் 3 மில்லிமீட்டர் எலாஸ்டிக் கயிறு. இரண்டு பக்கமும் ஓரத்தில் ஓடி, ஹேமக்கின் இரு முனைகளிலும் காரபைனர் என்ற கொக்கி வளையத்தில் மாட்டிக்கொள்ளும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சுருக்கி இழுக்க இன்னொரு ஜோடி. கயிறு கொஞ்சம் அதிகமாக இழுபட்டால் குயில்ட் முதுகோடு ஒட்டித் தூவி நசுங்கும். எதற்காக வெளியே தொங்கவிட்டோமோ அதுவே போச்சு. கொஞ்சம் தளர்ந்தால் துணிக்கும் குயில்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். உள்ளங்கை அளவு இடைவெளி போதும், ஒரு முனையில் காற்று புகுந்து மறுமுனையில் சூட்டோடு வெளியே போய்விடும். அதற்கப்புறம் அந்தக் குயில்ட் மைனஸ் 7 டிகிரிக்கானதா மைனஸ் 17 டிகிரிக்கானதா என்பதெல்லாம் பேச்சுக்கு மட்டும்தான்.

பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, படுத்தபடியே கையைப் பக்கவாட்டில் இறக்கி, ஹேமக் துணிக்கும் குயில்ட்டுக்கும் நடுவே விரலை நுழைப்பது. குயில்ட் விரலை லேசாகத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இடுப்பு ஓரத்திலும் தோள் ஓரத்திலும் பார்க்கலாம். முதுகின் நடுவே நம் கை எட்டாது, கூட வந்தவரைக் கீழே கைவிட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் முதுகு சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதுதான். முதுகு அதைச் சொல்வது ராத்திரி மூன்று மணிக்கு.

பொருத்தியது அப்படியே நிற்பதும் இல்லை. சிறுநீர் கழிக்க இறங்கி ஏறினால் குயில்ட் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். குறுக்காகப் படுக்கிற நமக்கு அது நேராகத் தொங்கப் பார்க்கும், கால் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டுவிடும். மரத்தில் சுற்றும் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் ஹேமக்கின் தொய்வு மாறும், அதோடு குயில்ட்டின் பொருத்தமும் மாறும். அதனால்தான் ஹேமக் நீளத்தில் சுமார் 83 சதவீதத்துக்கு ஒரு ரிட்ஜ்லைன், அதாவது இரு முனைகளையும் மேலே இணைக்கும் நீளம் மாறாத கயிறு, கட்டிவைப்பது முக்கியம். 11 அடி ஹேமக்குக்கு 9 அடி சொச்சம் வரும். எந்த மரத்தில் கட்டினாலும் தொய்வு ஒன்றாகவே இருக்கும், கயிற்றை ஒவ்வொரு இடத்திலும் புதிதாகச் சரிபார்க்கிற வேலை பாதியாகக் குறையும்.

இதெல்லாம்கூடப் பழகிவிடும். என்னால் மன்னிக்க முடியாதது, கயிறு சத்தமில்லாமல் செத்துப்போவதுதான். போன குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்கு மேலேயே இடுப்பு சில்லிட ஆரம்பித்தது. தூவி கட்டிபட்டுவிட்டதோ என்று குயில்ட்டைத் துவைத்து, டிரையரில் டென்னிஸ் பந்து போட்டுக் குறைந்த சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தினேன். பொம்மென்று உப்பி வந்தது. ஆனாலும் குளிர் போகவில்லை. இந்த வாரம் கயிற்றை வெட்டிப் பார்த்தேன். வெளியே நெய்த உறை புதுசு மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் இழைகளில் பாதி அறுந்து, நகத்தால் தொட்டால் துணுக்குத் துணுக்காக உதிர்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் திரும்பி வருவதில்லை.

250 டாலருக்கு மேல் வாங்குகிற பொருள். 850 ஃபில் பவர் தூவி, அதாவது ஒரு அவுன்ஸ் தூவி 850 கன அங்குலம் உப்பும் தரம். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. அதில் கோர்க்கிற கயிற்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்? வாங்கிய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். எலாஸ்டிக் தளர்வது இயல்பு, உத்தரவாதத்தில் வராது, மாற்றுக் கயிறு தனியாக விற்கிறோம் என்று பதில் வந்தது. இயல்புதான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் அதைக் குயில்ட்டோடு வரும் தாளில் ஒரு வரி எழுதலாமே? ஒரு ஜோடி உபரிக் கயிறு உள்ளே போட்டுத் தரலாமே? சில டாலர் சமாசாரம். நல்ல தையல்காரர்கள் வேலை செய்கிற இடம் என்று தெரிவதால்தான் இத்தனை கோபம் வருகிறது.

டிகிரிக் கணக்கு இன்னொரு பிரச்சினை. ஸ்லீப்பிங் பேக்குக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சோதனை முறை இருக்கிறது; ஒரு நிறுவனத்தின் பேக்கை இன்னொன்றோடு ஒப்பிடலாம். அண்டர்குயில்ட் அதற்குள் வருவதில்லை. நிறுவனம் போட்டதுதான் எண். என்னுடையதில் 20 ஃபாரன்ஹீட் என்று இருக்கிறது, மைனஸ் 7 செல்சியஸ். கயிறு சரியாக இருந்த நாட்களில் அந்த எண் ஏறக்குறைய உண்மை. எதிர்பார்க்கிற குளிரைவிட ஐந்தாறு டிகிரி கூடுதல் குளிரைத் தாங்கக்கூடியதாக எடுங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

தூவியா செயற்கைப் பஞ்சா என்று கேட்பவர்களுக்கு: தெற்கு அப்பலாச்சியனில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை தாண்டும் இடங்கள் உண்டு. மூடுபனி தார்ப்பாய்க்கு அடியிலும் வரும். தூவி ஈரம் பிடித்தால் தளர்ந்துவிடும், செயற்கை அவ்வளவாகத் தளராது, ஆனால் கனம் அதிகம், பையில் இடமும் அடைக்கும். நான் தூவியில்தான் இருக்கிறேன், பகலில் வெயில் கிடைத்தால் உடனே விரித்துப் போட்டுவிடுவேன்.

சரி, பேட். ஹேமக்குக்குள் பேட் நழுவும், ஓரம் மடங்கும், தோள் பக்கம் வெளியே நின்று குளிரும், முதுகில் வியர்த்து ஒட்டும். சுகம் என்று பார்த்தால் அண்டர்குயில்ட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஃபோம் பேடில் கயிறு இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு அது தளராது. மரம் கிடைக்காத இடத்தில் தரையிலும் போடலாம். முக்கால் நீளக் குயில்ட் வைத்திருப்பவர்கள் கால்மாட்டில் எப்படியும் ஒரு துண்டு ஃபோம் போட்டாக வேண்டும்.

என் முகாம் சாமான்களில் எனக்கு மிக நல்ல தூக்கம் கொடுத்தது இந்தக் குயில்ட்தான். இருந்தும், புதுக் கயிறு கோத்துவிட்டு விரல் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் கேட்டால், வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு நவம்பர் ராத்திரிக்கு 250 டாலரும் ஒரு கயிற்றுப் பாடமும் தேவையில்லை. நண்பரிடமும் அதைத்தான் சொன்னேன்: அகலமான ஃபோம் பேடும் நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் எடுத்து வாருங்கள், என் குயில்ட்டையும் கொண்டு வருகிறேன். ராத்திரி பேடில் முடியவில்லை என்றால் என்னை எழுப்புங்கள், உங்கள் ஹேமக்குக்கு அடியில் நானே கட்டி, கீழே கைவிட்டுப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன். அதற்கப்புறமும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், வாங்கும்போதே 3 மில்லிமீட்டர் எலாஸ்டிக் பத்து மீட்டரும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.