‘வாடிய போன்சாய்க்கு வைத்தியம்’ என்று மரத்தை எடுத்துப் போகிறவர்களிடம் கவனம்: 8,500 ரூபாயும் போச்சு, மரமும் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும்’ என்று விட்டுவிடுவேன், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் போன்சாய் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். பெயர் போடவில்லை. போனில் செடி விற்கும் ஓர் ஆன்லைன் பக்கம், ரோட்டோரம் ஒரு நர்சரி, இரண்டும் சேர்ந்து நடத்துகிற வியாபாரம்.

எங்களுடையது ஆலமரம். காக்கா, அதாவது என் அண்ணன், பள்ளிக்கூடம் படிக்கும்போது பழைய வீட்டுச் சுவர் இடுக்கில் முளைத்திருந்த கன்றைப் பிடுங்கி வந்து வைத்தார். 20 வயதுக்கு மேல் இருக்கும். ஒன்றரை அடி உயரம், அடிமரம் என் மணிக்கட்டை விடப் பருமன், ஒரு பக்கம் இரண்டு விழுது மண்ணைத் தொட்டு நிற்கும். காக்கா துபாய் போன பிறகு மாடி பூட்டியே கிடந்தது. தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்திருந்த ஆள் மாடிக் குழாயில் வரும் போர்வெல் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். நம்ம ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை நுனியெல்லாம் கருகி, பாதிக் கிளை மொட்டை.

விளம்பரத்தைப் பார்த்துப் படம் அனுப்பினேன், மறுநாளே ஆள் வந்தார். தொழில் தெரிந்த ஆள். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம்ப வைத்தது அதுதான். வந்ததும் பணம் பேசவில்லை. மொட்டைக் கிளையில் நகத்தால் தோலைச் சுரண்டினார், உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தது. “இது போச்சுக்கா.” கொஞ்சம் கீழே சுரண்டினார், பச்சை. அடிமரத்தில் லேசாகக் கீறியதும் பால் கசிந்தது. “பால் வருதுல்ல, மரம் சாகல.” தொட்டியில் இருந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “மண்ணுல உப்பு ஏறிட்டா ஈரம் இருந்தாலும் வேரால தண்ணி இழுக்க முடியாது. அதான் இலை கருகுது. உரம் எதுவும் போட்டுடாதீங்க, உரமும் உப்புதான்.” பின்னால் விசாரித்துப் பார்த்தேன், ஒரு வார்த்தை தவறில்லை. உம்மா டீ கொடுத்தார். “என் சொந்த மரமா நெனச்சுப் பாத்துக்குறேம்மா” என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடித்தார். அதிலும் பொய் இல்லை.

வீட்டிலேயே வைத்துச் செய்ய முடியாதா என்று கேட்டேன். “இங்க உப்புக்காத்து, தண்ணியும் சரியில்ல. எங்ககிட்ட நல்ல தண்ணி இருக்கு, நிழல்வலை இருக்கு. ரெண்டு மாசம் விடுங்கக்கா.” மொத்தம் 8,500. ஐயாயிரத்தை அப்போதே போனில் அனுப்பினேன், மீதி மரம் திரும்பும்போது. ரசீது வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அப்புறம் படங்கள் வந்தன. முதலில் தொட்டியோடு முழு மரம். பிறகு துளிர் மட்டும் கிட்டத்தில். முழுசாகக் காட்டுங்கள் என்றால் “வலைக்குள்ள வெளிச்சம் பத்தாது”. நேரில் வருகிறேன் என்றால் “ஓனர் ஊர்ல இல்ல”. காக்கா அங்கிருந்து வீடியோ கால் போட்டால் எடுப்பதே இல்லை.

ஒருவழியாக மரம் வந்தது. தொட்டி எங்களுடையது. மேலே பாசி ஒட்டி, கூழாங்கல் பரப்பி, பச்சைப்பசேலென்று இருந்தது. உம்மா “மாஷா அல்லாஹ்” என்றார். கொண்டுவந்த பையன் வண்டியை அணைக்கக்கூட இல்லை, மீதி 3,500-ஐ வாங்கிக்கொண்டு பறந்தான். இரவு காக்காவுக்குக் காட்டினேன். ஒரே பார்வை. “இது நம்ம மரம் இல்ல.”

ஆல இலை அகலமாக, தடிப்பாக இருக்கும், நரம்பு வெளிறித் தெரியும். வந்த மரத்தின் இலை சின்னது, வழவழப்பு, காம்புப் பக்கம் குறுகி வருகிறது. அடியில் கிழங்காக வீங்கிய வேர். நர்சரிகளில் போன்சாய் என்று வரிசையாக அடுக்கி விற்கிறார்களே, அந்த ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. ஆலுக்குச் சொந்தம்தான், ஆல் இல்லை. விழுது இரண்டையும் காணோம். காக்கா கம்பி சுற்றி வளைத்த கிளையில் பதிந்திருந்த தழும்பையும் காணோம்.

போன் செய்தேன். “இலையெல்லாம் கிள்ளிவிட்டோம், புது இலை சின்னதாத்தான் வரும்.” இதிலும் பாதி உண்மை, இலையைக் கிள்ளினால் அடுத்தது சிறுத்து வருவது உண்டு. சிறுத்தாலும் ஆல இலை ஆல இலையாகத்தானே வரும்? விழுது? “அழுகிடுச்சு, வெட்டிட்டோம்.” தழும்பு? “வளரும்போது மறைஞ்சிடும் மேடம்.” இரண்டு மாதத்திலா! அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேடம்.

நர்சரிக்கே போனேன். “ஆர்டர் எடுத்தது ஆன்லைன் ஆளுங்க, எங்களுக்குத் தெரியாது.” அந்தப் பக்கத்தில் கேட்டால் “நர்சரியில் பேசுங்கள்”. இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் பந்தாடிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அதற்கு முன்னால் வந்த கடைசிச் செய்தி: “உயிரோட ஒரு மரம் குடுத்திருக்கோம்ல, வேற என்ன வேணும்?”

கணக்கு இப்போது புரிகிறது. மைக்ரோகார்ப்பா எந்த நர்சரியிலும் கிடைக்கும். விழுதோடு, 20 வருஷ அடிமரத்தோடு, உயிர் இருக்கிற ஆல் கிடைக்குமா? நலிந்த மரம் வைத்திருக்கிற வீட்டைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். நானே 8,500 ரூபாய் கொடுத்து எங்கள் மரத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

எப்படிக் காப்பாற்றுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. மரத்தை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான். உப்பு ஏறிய மரத்துக்கு மழைத்தண்ணீரோ காவிரித் தண்ணீரோ அடித்துளை வழியாக நன்றாக வடிகிற அளவு ஊற்றி, மேல்மண் காயவிட்டு மறுபடி ஊற்றுங்கள். உச்சிவெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். துளிர் நிலைக்கும்வரை உரம் வேண்டாம், வேரையும் கிளையையும் ஒரே நேரத்தில் வெட்ட வேண்டாம். ஐப்பசி மழையில் வெளியே வைத்தால் நிறைய உப்பு தானாகவே கழுவி இறங்கும்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அடிமரம், வேர், இலை, தழும்பு எல்லாவற்றையும் முதலில் படம் எடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லிவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 8,500-க்கு யார் அலையப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் அலைவேன். தழும்பு தெரிகிற பழைய படத்தைக் காக்கா தேடிக்கொண்டிருக்கிறார், கிடைத்ததும் மனுவோடு சேர்த்துவிடுவேன். இதே மாதிரி ஆளிடம் மரத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் யாராவது இருந்தால், இன்றைக்கே போய்த் தூக்கி வந்துவிடுங்கள்.