பன்னிரண்டு இலட்சத்தில் கைக்கு வருவது எவ்வளவு? பாலக்காட்டு ஆலோசனைச் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

2025 ஜூலையில் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) இறுதித் தேர்வின் முடிவு வெளியாகி, நான் தேறிவிட்டேன் என்று தெரிந்த அன்று மாலையே, பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய வடகரப்பதியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடிய உறவினர்கள் அனைவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: சம்பளம் எவ்வளவு வரும்? எனக்கு விடை தெரியவில்லை. ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் மாதம் நான்காயிரம் ரூபாய் உதவித்தொகை வாங்கிய எனக்கு, நாளிதழ்களில் ஒவ்வோர் ஆண்டும் தலைப்பாகும் மிக உயர்ந்த சம்பளத்தைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. அந்தத் தொகை ஆயிரக்கணக்கானோரில் ஒரு சிலருக்குக் கிடைப்பது. எங்கள் பகுதியிலிருந்து தேறி வருபவர்கள் அதையே தமக்குரியதாக எண்ணிக்கொண்டு, பிறகு கையில் வரும் ஆஃபர் லெட்டரைப் பார்த்து மனம் வாடுவதை நான் கண்டிருக்கிறேன். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும், நிறுவனங்கள் வேலைக்கு ஆளெடுக்கும் வளாகத் தேர்வுக்கு நானும் பதிவு செய்திருந்தேன். ஆனால் அதில் எனக்கு அமைந்தவை சென்னை, பெங்களூரு வேலைகளாக இருந்தன. வீட்டில் படுக்கையில் இருக்கும் பாட்டியை விட்டு அவ்வளவு தொலைவு செல்ல மனம் ஒப்பவில்லை. ஆகவே பாலக்காட்டு நகரில், கணக்குத் துறையினருக்கு மட்டும் வேலை தேடித் தரும் சிறிய அலுவலகம் ஒன்றை அணுகினேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அதன் சேவை எப்படி இருந்தது என்பதையே எழுதுகிறேன்.

வேலை தேடித் தருவதற்கு அவர்கள் நம்மிடம் பணம் வாங்குவதில்லை. ஆஃபர் லெட்டரை வரிவரியாகப் படித்து விளக்கி, சம்பளத்தைப் பற்றி நிறுவனத்தோடு எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருவது தனிச் சேவை. ஒரு மணி நேர அமர்வுகள் இரண்டுக்குச் சேர்த்து 1,500 ரூபாய் வாங்கினார்கள். என் விவரங்களை அனுப்பியதில் கொச்சியிலுள்ள ஒரு நிறுவனம் நேர்முகத்துக்கு அழைத்து, மூன்று வாரத்தில் கடிதமும் அனுப்பிவிட்டது. ஆண்டுக்கு 12 இலட்சம் என்று முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஒரு இலட்சம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கணக்குப் படித்த நானே அவ்வாறு சொன்னேன் என்பதை எண்ணும்போது, இந்தச் சேவையின் முதல் அமர்வு எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பது புரிகிறது.

முதல் அமர்வை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு நிறுவனக் கணக்கு அதிகாரி. மலையாளம் கலந்த நல்ல தமிழில், "மோளே, முதல் பக்கத்தை மூடிவை, கடைசியில் இருக்கிற அட்டவணையைத் திற" என்றுதான் தொடங்கினார். அதன்பின் அவர் செய்ததெல்லாம் கழித்தல்தான். ஆனால் ஒவ்வொரு கழித்தலுக்கும் காரணத்தைச் சொல்லிக்கொண்டே செய்தார். பன்னிரண்டு இலட்சத்தில் 1,80,000 ரூபாய் வேரியபிள், அதாவது தரப்படலாம் என்ற நிலையில் உள்ள தொகை. 1,00,000 ரூபாய் ஜாயினிங் போனஸ், அதாவது வேலையில் சேர்வதற்காக ஒருமுறை தரும் தொகை. முதல் ஆண்டோடு அது முடிந்துவிடும். மீதி 9,20,000. அதிலும் நிறுவனம் வருங்கால வைப்பு நிதியில் செலுத்தும் பங்கு, மாத அடிப்படைச் சம்பளமான 35,000 ரூபாயில் 12 விழுக்காடு வீதம், ஆண்டுக்கு 50,400. பணிக்கொடைக்கென (கிராஜுவிட்டி) ஒதுக்குவதாகக் காட்டியிருந்த 4.81 விழுக்காடு ஏறத்தாழ 20,200. தொடர்ந்து ஐந்து ஆண்டு பணியாற்றினால்தான் அது நம் கைக்கு வரும். மருத்துவக் காப்பீட்டுத் தவணை சுமார் 9,400. இவற்றைக் கழித்தால் ஆண்டுக்கு 8,40,000, மாதத்துக்கு 70,000. அதில் வைப்பு நிதிக்கு நம் பங்காக 4,200 பிடித்தால் 65,800. தொழில்வரி அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய்தான் என்பதால் அது பெரிய சுமை அன்று. வருமான வரி ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையின்படி, வரியைக் கணக்கிடும் முன் சம்பளத்தில் கழிக்கப்படும் 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் சேர்த்து, 12,75,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் வரி கட்ட வேண்டியதில்லை.

ஒரு இலட்சம் என்று வீட்டில் சொன்னது 65,800 ஆயிற்று. இதில் நிறுவனம் ஏமாற்றியதாக நான் கருதவில்லை. எல்லாமே அந்த அட்டவணையில் எழுதப்பட்டிருந்தன. படிக்கும் பழக்கம்தான் எனக்கு இல்லை. பிறருடைய இருப்புநிலைக் குறிப்பின் அடிக்குறிப்புகளையெல்லாம் மூன்று ஆண்டு துருவித் துருவிப் பார்த்தவர்கள், தம் சம்பளக் கடிதத்தின் இணைப்பைப் பார்க்காமல் கையெழுத்திடுகிறோம்.

போனஸ் என்ற சொல்லை அவர் விளக்கிய விதம் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. எங்கள் எல்லைப் பகுதியில் போனஸுக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு ஓணத்துக்கு முன்னால் வரும். வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தீபாவளிக்கு முன்னால் வரும். அது உரிமை, வராவிட்டால் தொழிற்சங்கம் கேட்கும். 2025 நவம்பர் வரை அந்த உரிமைக்குப் பின்னால் இருந்தது 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம். குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, கூடியது 20 விழுக்காடு என்று அது வரையறுத்தது. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றார். ஆகவே புதிதாகத் தேறிய சி.ஏ. ஒருவருக்குக் கடிதத்தில் போனஸ் என்று எழுதியிருந்தால், அது சட்டம் தரும் போனஸ் அன்று. அந்தக் கடிதத்தின் வாசகம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். என் அண்ணன் கஞ்சிக்கோட்டில் வாங்கும் போனஸையும் எனக்கு எழுதப்பட்டிருந்த 1,80,000 ரூபாயையும் ஒரே சொல்லால் அழைத்துக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த வாசகத்தையும் அவர் விடவில்லை. வேரியபிள் தொகை நிறுவனத்தின் முழு விருப்புரிமைக்கு உட்பட்டது. நிதியாண்டு முடிந்து மதிப்பீடு நடந்தபின் வழங்கப்படும். வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும். ராஜினாமா கொடுத்து அறிவிப்புக் காலத்தில் இருப்பவருக்குக் கிடையாது. அக்டோபர் 1க்குப் பின் சேர்ந்தவர் அந்த ஆண்டின் மதிப்பீட்டில் இடம்பெற மாட்டார். இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தும் கவனிக்கவில்லை. என்னைச் சேரச் சொல்லியிருந்த நாள் அக்டோபர் 6. ஐந்து நாள் பிந்திச் சேர்வதால், அரையாண்டுக்குரிய பங்காக வரக்கூடிய 90,000 ரூபாய் வரையிலான தொகைக்கு நான் தகுதியே இழந்திருப்பேன். செப்டம்பர் இறுதிக்குள் சேர விரும்புகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் எழுதும்படி சொல்லி, அதன் வாசகத்தையும் அமைத்துத் தந்தார். மறுநாளே நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1,500 ரூபாய்க் கட்டணத்துக்கு இந்த ஒரு வரியே போதும் என்பேன்.

ஜாயினிங் போனஸைப் பற்றியும் பயனுள்ள எச்சரிக்கை கிடைத்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று கடிதம் சொல்லியது. வரி வரம்பைத் தாண்டிய சம்பளக்காரர்கள் வரி பிடித்தபின் மீதியைத்தான் பெற்றிருப்பார்கள். ஆனால் திருப்பித் தரும்போது பிடிக்கப்பட்ட வரியையும் சேர்த்துக் கேட்கும் வாசகங்கள் உண்டு. அத்தகையவர்கள் கையெழுத்திடுவதற்கு முன்பே, கைக்கு வந்த தொகையை மட்டும் திருப்பினால் போதும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் அமர்வு இந்தத் தரத்தில் அமையவில்லை. இதற்கிடையில், எனக்கு ஆர்ட்டிகிள்ஷிப் தந்த ஆடிட்டரின் அறிமுகத்தால் கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 9,60,000 ரூபாய்க்குக் கடிதம் தந்திருந்தது. அதில் வேரியபிள் இல்லை, ஜாயினிங் போனஸ் இல்லை, பணிக்கொடையைக் கணக்கில் காட்டவில்லை. வைப்பு நிதியைச் சட்ட வரம்பான 15,000 ரூபாய் ஊதியத்தின் அளவில் நிறுத்தி, மாதம் 1,800 மட்டும் செலுத்துவதாக இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுத் தரும்படி கேட்டேன். இம்முறை என்னிடம் பேசியவர் வேறொருவர், வயதில் இளையவர். அவர் அட்டவணையைத் திறக்கவே இல்லை. பன்னிரண்டு இலட்சத்தை விட்டுவிட்டு ஒன்பதரைக்கு யாராவது போவார்களா என்றும், முதல் வேலையின் சம்பளமே அடுத்த வேலையின் சம்பளத்தை முடிவு செய்யும் என்றும், இரண்டு நாளில் கொச்சிக்கு ஒப்புதல் அனுப்பாவிட்டால் இடம் போய்விடும் என்றும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட ஒப்பீடு எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியே வருவதற்கு முன், நிறுவனம் உங்களுக்குத் தரும் கட்டணம் எதன் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது என்று நேராகக் கேட்டேன். ஆண்டுச் சி.டி.சி.யில், அதாவது கடிதத்தில் காட்டும் மொத்த ஆண்டுத் தொகையில், 8.33 விழுக்காடு என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நான் கொச்சிக்குப் போனால் அவர்களுக்கு ஒரு இலட்சம். கோயம்புத்தூருக்குப் போனால் ஒன்றுமில்லை. எனக்கு வருமா வராதா என்று தெரியாத வேரியபிளும் அவர்களுடைய கணக்கில் முழுமையாகச் சேர்கிறது. இந்த ஏற்பாடு இத்தொழிலில் வழக்கமானதுதான். என் குறை வேறு: என்னிடமும் 1,500 ரூபாய் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்ல உட்காருபவர், இதை நான் கேட்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்பீட்டை வீட்டில் நானே செய்தேன். கோயம்புத்தூர்க் கடிதத்தில் மாதம் 78,200. என் பங்கு 1,800 போக 76,400. பன்னிரண்டு இலட்சக் கடிதத்தைவிட ஒன்பதரை இலட்சக் கடிதம் மாதம் 10,600 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. இதைக் கேட்டதும் அம்மா உடனே முடிவு செய்துவிட்டார்; ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. வைப்பு நிதியில் சேரும் பணம் நம்முடையதே என்பதால் அதையும் சேர்த்துப் பார்த்தால் கொச்சியில் மாதம் 74,200, கோயம்புத்தூரில் 80,000. ஆண்டுக்கு வேறுபாடு 69,600. முதல் ஆண்டில் ஜாயினிங் போனஸ் அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். இரண்டாம் ஆண்டிலிருந்து, வேரியபிளில் பத்தில் நான்கு பங்கு வந்தாலே கொச்சி முந்திக்கொள்ளும். அதற்குக் குறைந்தால் பின்தங்கும். வெளியூரில் தங்கத் தயங்காதவர், நிறுவனம் கடந்த ஆண்டுகளில் வேரியபிளை எவ்வளவு வழங்கியது என்று விசாரித்து அறிந்தவர், கொச்சியைத் தேர்ந்தெடுப்பதே சரி. எனக்கோ கொச்சியில் விடுதிக்கும் உணவுக்கும் மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாது. கோயம்புத்தூருக்கு வேலந்தாவளம் வழியாகப் பேருந்தில் போய் இரவு வீடு திரும்பலாம். ஆண்டுக்கு ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்ற இந்தச் செலவு எந்தக் கடிதத்திலும் இல்லை. இரண்டாம் அமர்விலும் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் நிறுவனத்தைப் பற்றி அப்பா சாவடிப் பக்கம் தமக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்துவிட்டு, "கண்ணு, அங்க தீபாவளிக்கு எல்லாருக்கும் ஒரு மாச அடிப்படைச் சம்பளம் குடுக்கறாங்களாம்" என்றார். கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எழுதாத தொகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை, வந்தால் மகிழ்ச்சி. ஆனால் இத்தகைய செய்தி அலுவலகங்களில் கிடைப்பதில்லை, ஊரில்தான் கிடைக்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முடிவெடுக்கும் முன், முதல் அமர்வில் கற்றுத் தந்த ஒன்றை இரு இடங்களிலும் செய்து பார்த்தேன். மொத்தத் தொகையைக் கூட்டித் தரும்படி கேட்காமல், அதன் உட்பிரிவை மாற்றித் தரும்படி கேட்பது அது. கொச்சி நிறுவனத்திடம் வேரியபிளில் பாதியை நிலையான சம்பளத்தில் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். புதிதாகச் சேருபவர்கள் அனைவருக்கும் ஒரே அமைப்பு என்று பணிவாக மறுத்தார்கள். கோயம்புத்தூரில் மருத்துவக் காப்பீட்டைச் சேர்க்கும்படி கேட்டேன். பெற்றோரையும் உள்ளடக்கித் தர இசைந்தார்கள். கேட்டதனால் இரண்டு இடத்திலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் கோயம்புத்தூருக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டேன்.

இந்தச் சேவையை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேனா என்றால், முதல் அமர்வுக்கு மனமாரப் பரிந்துரைப்பேன். சம்பளக் கடிதத்தைப் படிக்கும் முறையை இவ்வளவு தெளிவாக, தமிழில், நம் பகுதியிலேயே சொல்லித் தருபவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பதிவு செய்யும்போது மூத்தவர்தான் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டுமே வருகிறார். அவர்கள் வழியாக வந்த கடிதத்தையும் வேறு வழியாக வந்த கடிதத்தையும் அவர்களையே ஒப்பிடச் சொல்லாதீர்கள். அந்த வேலைக்கு உங்கள் ஆடிட்டரிடமோ, இரண்டு மூன்று ஆண்டு முன்னால் தேறிய ஒருவரிடமோ போங்கள். கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போகாமல், இணைப்புப் பக்கங்கள் அனைத்தையும் அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள். என்னிடம் அன்று அவை இருந்ததால்தான் அக்டோபர் 1 என்ற அந்த வரி கண்ணில் பட்டது.